மலை வேணாம், மாடி ரூம் போதும்! வீட்டுக்குள்ளேயே கஞ்சா தோட்டம்... ஹவுஸ் ஓனர்களே உஷார்

கள்ளக்குறிச்சி:

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் பலியானதை இந்த ஊர் மறக்காது. அதன்பிறகு சாராயம், கஞ்சா என்று பேச்சு எழுந்தாலே எல்லார் விரலும் கல்வராயன் மலையைத்தான் காட்டுகிறது.

ஆனால் கஞ்சா விஷயத்தில் காலம் மாறிப்போச்சு. மலையும் வேண்டாம், காடும் வேண்டாம். வாடகைக்கு ஒரு ரூம், கரண்ட் கனெக்சன், இது ரெண்டும் போதும் என்று கிளம்பிவிட்டார்கள் சிலர்.

கர்நாடக மாநிலம் சிவமொக்காவில் 2023 ஜூனில் வாடகை வீடு ஒன்றில் போலீசார் அதிரடி ரெய்டு நடத்தினர். உள்ளே கூடாரம், எல்.இ.டி. லைட், பேன் சகிதமாக கஞ்சா செடிகள்! சிக்கியதோ டாக்டருக்கு படிக்கும் மாணவர்கள். அதில் தமிழ்நாட்டு மாணவர்களும் உண்டு.

பேன் எதற்கு? கரும்பு, மரவள்ளி போட்ட நம்மூர் விவசாயியை கேட்டாலே சொல்வார். செடியை நெருக்கி விட்டால் மேல் இலை குடை மாதிரி மூடிக்கொள்ளும். அடியில் வெயிலும் போகாது, காத்தும் போகாது. ஈரம் தங்கி பூஞ்சணம் பிடிக்கும். வயலில் காற்று இலவசம். பூட்டிய ரூமில் ராத்திரி பகலாக மின்விசிறி ஓட வேண்டும். அப்படியும் பூவுக்குள் பூஞ்சணம் ஒளிந்திருக்கும். 'ஹைடெக் சரக்கு, சுத்தமான சரக்கு' என்று விற்பதெல்லாம் சுத்த ரீல். அந்த பூஞ்சணம் புகையோடு நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

அந்த பேனும் லைட்டுமே காட்டிக்கொடுக்கும். ஜன்னல் முழுக்க பேப்பர் ஒட்டியிருக்கிறதா? ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் கரண்ட் பில் எகிறுகிறதா? எந்நேரமும் எக்ஸாஸ்ட் பேன் சத்தம், பச்சை வாடை வருகிறதா? கொஞ்சம் விசாரியுங்கள். இதற்காக படிக்கிற பையன்கள் எல்லாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்பு சட்டத்தின் 20-வது பிரிவுப்படி கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ரூ.1 லட்சம் வரை அபராதம். வைத்திருந்தால்தான் எத்தனை கிலோ என்ற கணக்கு. வளர்த்தால் அந்த சலுகை இல்லை. 25-வது பிரிவு இன்னும் மோசம். தெரிந்தே வீட்டையோ நிலத்தையோ இதற்கு விட்டவருக்கும் அதே தண்டனை. 'எனக்கு தெரியாதுங்க' என்று சொன்னால் மட்டும் போதாது. அதை கோர்ட்டில் நிரூபிக்கும் பொறுப்பும் நம் தலையில்தான் விழும். 35-வது பிரிவு அப்படி.

சென்னை, பெங்களூருக்கு வேலைக்கு போய்விட்டு சொந்த வீட்டை புரோக்கரிடம் ஒப்படைத்தவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். மலையில் நிலத்தை குத்தகைக்கு விட்டவர்களும் கவனிக்கணும். தன் நிலத்தில் கஞ்சா இருப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், 46-வது பிரிவுப்படி அதுவும் குற்றம்.

வீடு விடும்போது எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஆதார் நகலை வாங்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்து போலீஸ் நிலையத்திலோ, மதுவிலக்கு அமலாக்க பிரிவின் 10581 என்ற இலவச எண்ணிலோ சொல்லலாம்.