கூட்டாளி என்ன குற்றம் செய்தான்?

'பிரபல ரவுடி கைது, கூட்டாளிகளுக்கு வலை!' இந்த மாதிரித் தலைப்பு இல்லாமல் தமிழ்ப் பேப்பர்களுக்குப் பொழுது போகாது. கொள்ளையடித்தவனுக்கும் கூட்டாளி, கஞ்சா விற்றவனுக்கும் கூட்டாளி. யோக்கியமாகப் பிழைக்கிறவனுக்கு மட்டும் கூட்டாளியே கிடையாது போலிருக்கிறது!

சேவூர் மாதிரிப் பட்டு நெய்கிற ஊரில் போய்க் கேளுங்கள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. தறியில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்தில் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். நாள் முழுக்க ஒரே தறி, ஒரே சேலை. இதைவிட அசல் கூட்டாளி யார்? ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் 'எந்த ஸ்டேஷன்ல கேஸ்?' என்பார்கள்.

பி.காம். படிக்கிறவர்களுக்காவது ரோஷம் வர வேண்டாமா? 1932-ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 'பார்ட்னர்' என்று சொல்கிறவர்தான் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் கூட்டாளி. தொழிலின் பேரில் ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். எந்த நண்பன் இவ்வளவு தூரம் வருவான்?

லத்தீனில் 'கோம்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்றவன் என்பதிலிருந்து வந்தவைதான் பிரெஞ்சின் கொம்பாஞோன், இத்தாலியின் கொம்பாஞோ, ஸ்பானியத்தின் கொம்பாஞேரோ. நம் 'கம்பெனி'யும் அதே வம்சம். (நமக்கு ரொட்டி இல்லாவிட்டால் என்ன, சாப்பிடுகிற கூட்டு இருக்கிறது :-)) ஸ்பானியக்காரன் வகுப்புத் தோழனையும் கொம்பாஞேரோ என்பான், கூட வேலை செய்கிறவனையும் அப்படியே. குற்றத்துக்குத் துணை போனவன் மட்டும் அவனுக்குக் 'கோம்ப்ளிசே'. இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டான்.

நமக்கும் அந்த இரண்டாவது வார்த்தை இல்லாமல் இல்லை. உடந்தை! 'கொள்ளைக்கு உடந்தையாக இருந்த இருவர்' என்று எழுதினால் எந்தப் பேப்பர் குடிமுழுகிப் போகும்?

'வழக்கில் வந்துவிட்டது, இனிமேல் மாற்றவா முடியும்?' என்று சிலர் நியாயம் பேசுவார்கள். அபேட்சகரை வேட்பாளராகவும் காரியதரிசியைச் செயலாளராகவும் மாற்றி எழுதிப் பழக்கியது இதே பேப்பர்கள்தானே? அவ்வளவு ஏன், கடல் தாண்டி இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவனைக் கூட்டாளி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே எந்த போலீஸும் வலை வீசுவதில்லை.