மீன் குஞ்சுக்கும் தாய் யாருன்னு கேளுங்க

ஒரே ரகம் ஊர் முழுக்க நின்றால் ஒரே நோயில் மொத்தமும் போய்விடும் என்று நெல் விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கி, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தந்தவர்கள் நாம். ஆனால் பண்ணைக்குட்டைக்கு மீன் குஞ்சு வாங்கும்போது மட்டும் "ஆயிரம் குஞ்சு என்ன விலை?" என்பதோடு பேச்சு முடிஞ்சுடுது. நெல்லுக்கு ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயமா?

நம்ம வாய்க்காலெல்லாம் நிறைந்திருக்கிற ஜிலேபி கெண்டையைப் பாருங்க. சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1939-ல் ஜாவாவில் முஜாயிர் என்பவர் ஒரு கழிமுகத்தில் கண்டெடுத்தது ஐந்தே மீன். ஆசியாவில் பரவியதில் பெரும்பகுதி அந்த ஐந்தின் வாரிசு என்கிறார்கள். இந்தியாவுக்கு 1952-ல் வந்தது. சின்ன வயசிலேயே முட்டை வைத்துப் பெருகி, நெருக்கடியில் உள்ளங்கை அளவோடு நின்றுவிடுகிறது. ரத்தம் குறுகியதும் இதற்கு ஒரு காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. குறுகிய இனம் அழிந்துபோகும் என்று மட்டும் நினைக்காதீங்க. அது பெருகும், நமக்குத்தான் எடை கிடைக்காது.

1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் திலேப்பியா வேலை இதற்கு நேர்மாறு. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு இயற்கை மீன்களோடு நான்கு பண்ணை இனங்களையும் சேர்த்துத் தேர்வு செய்தார்கள். பல ரத்தம் கலந்ததால்தான் தேர்ந்தெடுக்க வழி இருந்தது.

கட்லா, ரோகு, மிர்காலும் காவிரிக்கு வந்தேறிகள்தான். 1957-ல் ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறை வந்தபின், ஒரு தாய் மீனே லட்சக்கணக்கில் குஞ்சு தந்துவிடும். அதனால் நாலைந்து ஜோடியை வைத்தே ஒரு பண்ணை வருஷக்கணக்கில் ஓட்டிவிட முடியும். அக்கா தம்பிக்குள்ளேயே இனம் சேர்ந்தால் வளர்ச்சி குறையும், ஊனம் கூடும், சாவும் கூடும். ஜெயந்தி ரோகுவை உருவாக்கியவர்கள் ஐந்து ஆற்று மீன்களைச் சேர்த்தது இதனால்தான்.

ஆகவே குஞ்சு வாங்குமுன் கேளுங்க: எத்தனை ஜோடி தாய் மீன்? வெளியிலிருந்து புது ரத்தம் கடைசியாக எப்போ சேர்த்தீங்க? கட்லாவும் ரோகுவும் கலந்த குஞ்சா? மழைக்கு முன்னால் குட்டையின் வடிகாலில் வலை கட்டுங்க. நம்ம விரால், குரவை, கெளுத்திக்கு வாய்க்காலாவது மிஞ்சட்டும்.

தாய் மீன் விவரம் குஞ்சு விற்கும் ரசீதிலேயே இருக்கணும். மீன்வளத்துறையிடம் இதை நம் சங்கங்கள் கேட்க வேண்டும்.