அக்னி தீர்த்தக் கரையில் ஒரு பலகை

ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் நம் தென்கரையிலிருந்தும் வடகரையிலிருந்தும் ராமேஸ்வரத்துக்கு வேன் கிளம்பிவிடும். அதில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரைக்காரர்கள், காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள் எல்லாரும் அக்னி தீர்த்தக் கடலில் மூன்று முழுக்குப் போடுவார்கள். தண்ணீர் எப்படி என்று கேட்டால், "கடல் தண்ணிதானே, உப்பு எல்லாத்தையும் கொன்னுடும்" என்பார்கள்.

உப்பும் வெயிலும் கிருமிகளைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் மலத்தோடு வரும் கிருமிகளில் உப்பைத் தாங்குபவையும் உண்டு. பிரிட்டனில் 1989 முதல் 1992 வரை நான்கு கடற்கரைகளில் இதைச் சோதித்தார்கள். தாமாக முன்வந்த 1,200-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் கடலில் இறக்கினார்கள். பத்து நிமிடமாவது தண்ணீரில் இருந்து மூன்று முறை தலை முழுக வேண்டும் என்பது நிபந்தனை. நம்மூர்க் கணக்கு அவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ! 1994-இல் முடிவு வெளியானது. 100 மில்லி நீரில் அந்த வகைக் கிருமி சுமார் 32-ஐத் தாண்டினாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூடுகிறது. இத்தனைக்கும் அவை அன்றைய ஐரோப்பிய விதிப்படி தேறிய கடற்கரைகள்.

அக்னி தீர்த்தத்தில் அலை குறைவு. வயதானவர்களுக்கு அது வசதி. ஆனால் வந்து சேரும் அழுக்கும் சீக்கிரம் விலகாது. ஊர்க் கழிவுநீர் அங்கே கலப்பதாகப் பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்காகச் செய்தி வருகிறது.

விதி இல்லாமல் இல்லை. குளிக்கும் கடல்நீரில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 100 என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. ஆற்றுக்கு 500, மிஞ்சினால் 2,500. இந்த எண் கரையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டாமா? சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடி கிடைத்தது. அந்தக் கொடி பறக்க வேண்டுமானால் நீரைச் சோதித்து, முடிவைக் கரையிலேயே எழுதி வைக்க வேண்டும். உல்லாசமாக வருகிறவருக்குச் செய்வதை, அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவருக்கும் செய்யலாம். தீர்த்தத்தைச் சந்தேகப்படுகிறாயா என்று கேட்பவர்கள், அதில் சாக்கடையை விடுபவர்களிடம் முதலில் கோபப்படட்டும்.

நாமும் யோக்கியமில்லை. சோத்துப்பாறையிலிருந்து தெளிவாக இறங்கும் வராகநதி, பெரியகுளத்துக்குள் நுழைந்ததும் நம் சாக்கடையைச் சுமக்கிறது. அது சேரும் வைகை போவதும் அதே ராமநாதபுரம் சீமைக்குத்தான். பாலசுப்பிரமணியர் கோயில் படித்துறையிலும் ஒரு பலகை வேண்டும். அதில் எழுதும் எண்ணைப் பார்க்க நமக்குத் துணிச்சல் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பலகை வரும்வரை, வேனில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலில் புண் இருந்தால் கடலில் இறங்காமல் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். மழை பெய்து மூன்று நாள் ஆகவில்லை என்றாலும் அப்படியே. முழுக்குப் போடுகிறவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். பின்னால் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவதால் உடம்பிலுள்ள உப்பு போகும். வயிற்றுக்குள் போன தண்ணீர் போகாது.