விடுதியும் நற்சான்றும்



வெளியூர் செல்வோர் முற்காலத்தில் சத்திரத்தைப் பற்றி எதிரே வரும் வழிப்போக்கரைக் கேட்டறிந்தனர். அங்கே ஓரிரவு படுத்து எழுந்தவனே அதன் கிணற்று நீரையும் மூட்டைப்பூச்சியையும் அறிவான். ஆதலின் அவன் சொல்லுக்கு மதிப்பிருந்தது. இந்நாளிலோ கைப்பேசியைத் திறந்தால் போதும். விடுதியின் பெயருக்கு அருகே ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்னும் கணக்கும், அதன்கீழ் முன்பின் அறியாதார் பலர் எழுதிய மதிப்புரைகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையே இத்திங்கள் ஆராயப் புகுகின்றோம்.

இதனை எழுதத் தூண்டியது நம் இல்லத்தில் நேர்ந்த நிகழ்ச்சி. நம் துணைவியாரின் தாயார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மருத்துவத்திற்காக இங்கு வந்திருந்தார். 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்திற்கு நம் தென் மாவட்டத்தார் எத்துணைப் பேர் வருகின்றனர் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். பத்து நாட்கள் தொடர்ந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெற வேண்டும் என்றனர். நமது குடியிருப்போ ஓர் அறையும் அடுக்களையும் கொண்டது. கழக்கூட்டத்திலிருந்து நெரிசல் மிக்க சாலையில் நாள்தோறும் போய் வருதல் நோயாளிக்கு ஆகாது. எனவே மருத்துவக் கல்லூரிக்கு அண்மையில் ஒரு விடுதியைக் கைப்பேசியிலேயே தேடினோம். 4.6 நட்சத்திரம் கண்டோம், மனம் நிறைந்தது, பத்து நாள் வாடகையையும் முன்னதாகவே செலுத்திவிட்டோம்.

போய்ப் பார்த்தால், கிடைத்த அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் ஓடவில்லை. ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்றார் பணியாளர். அந்த நாளை மூன்று நாட்களாகியும் வரவில்லை. சிகிச்சை முடிந்து திரும்பும் அம்மூதாட்டி ஒவ்வொரு படிக்கட்டு வளைவிலும் அமர்ந்து இளைப்பாறி ஏறியதைக் கண்டு நமக்குண்டான வேதனையை எழுதவொண்ணாது. நான்காம் நாள் சங்கத்து நண்பர் ஒருவர் காட்டிய வேறிடத்திற்கு மாறினோம். எஞ்சிய வாடகை திரும்பி வரவில்லை.

அன்று மாலை அத்தையார் சினமின்றிக் கேட்டார்: “மாப்பிள்ளை, நம் ஊரில் பெண் கொடுக்குமுன் யாரை விசாரிப்போம்? மாப்பிள்ளை வீட்டாரையேவா மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்போம்? அடுத்த வீட்டாரை அல்லவா கேட்போம்!”

இதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இரவு அமர்ந்து அவ்விடுதியின் மதிப்புரைகளை முதலிலிருந்து படித்தோம். பெரும்பாலானவை ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை. ‘நல்ல இடம்’, ‘அருமையான பணியாளர்’, ‘மிகச் சிறப்பு’ என ஒவ்வொன்றும் ஒரே வரி. அடியில் மறைந்து கிடந்த ஒற்றை நட்சத்திரக் குறிப்பில் ஒருவர், தம் தந்தையாரைத் தோளில் தாங்கி மாடியேற்றியதையும், லிப்ட் பழுதையும் இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தார். உண்மை அங்கேயே இருந்தது. நாம்தாம் நட்சத்திரத்தை எண்ணியதோடு நின்றுவிட்டோம்.

நிற்க. நட்சத்திரக் கணக்கு எவ்வாறு ஏமாற்றுகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஒரு விடுதியில் உண்மையாகத் தங்கிய பத்துப் பேர் சராசரியாக 3 நட்சத்திரம் இட்டனர் எனக் கொள்வோம். உரிமையாளரின் உற்றார் உறவினர் இருபதின்மர் ஆளுக்கு ஐந்து இட்டால் சராசரி 4.3 ஆகிவிடும். இதே ஏமாற்றை ஆயிரம் பேர் மதிப்பிட்ட விடுதியில் செய்ய வேண்டுமாயின், 1,850 பேருக்கு மேல் பொய் எழுத வேண்டும். ஆகவே முப்பது பேர் தந்த 4.7-ஐவிட இரண்டாயிரவர் தந்த 4.2 உறுதியானது. எண்ணை மட்டும் பாராது, அவ்வெண்ணைத் தாங்கி நிற்போர் எத்துணைப் பேர் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பொய்யுரைகள் பலவகையாகப் பிறக்கின்றன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. உரிமையாளர் தம் விடுதியைத் தாமே புகழ்வது ஒன்று. கணக்குத் தீர்க்கும்போது, ‘ஐந்து நட்சத்திரம் இடுங்கள், வாடகையில் சிறிது குறைக்கின்றோம்’ என்று வாங்குவது மற்றொன்று. போட்டி விடுதிக்கு வேண்டுமென்றே ஒற்றை நட்சத்திரம் இடுவது வேறொன்று. இவையனைத்தினும் கொடியது, கூலிக்கு எழுதுவோரை அமர்த்துவது.

இத்தொழில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இலண்டன் மாநகரில் 2017-இல் நடந்த ஒரு செய்தி சான்றாகும். ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர், முன்பு உணவகங்களுக்குப் பொய் மதிப்புரை எழுதி ஒன்றுக்குப் பத்துப் பவுன் கூலி பெற்றவர். அவர் டல்லிச் பகுதியில் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகமாக டிரிப்அட்வைசர் தளத்தில் பதிந்தார். அங்கு அடுப்பும் இல்லை, சமையலும் இல்லை. நண்பர்களைக் கொண்டு மதிப்புரை எழுதுவித்தார். சில மாதங்களில் அவ்வில்லாத உணவகம், இலண்டனின் 18,000-க்கும் மேற்பட்ட உணவகங்களுள் முதலிடம் பெற்றுவிட்டது! இடம் வேண்டித் தொலைபேசியில் அழைத்தோர் பலர். பின்னர் அவரே உண்மையை வெளியிட்டார். 2018-இல் இத்தாலி நாட்டின் லெச்சே நகர நீதிமன்றமோ, பொய் மதிப்புரை விற்ற ஒருவருக்கு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

நம் நாட்டிலும் அரசினர் வாளாவிருக்கவில்லை. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தர விதியை வெளியிட்டது. எழுதுவோர் உண்மையானவர்தாமா எனத் தளத்தார் சரிபார்த்தல் வேண்டும், விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை வெளியிடலாகாது என்பன அதன் நெறிகள். எனினும் அது கட்டாயச் சட்டமாக அன்றி, நிறுவனங்கள் தாமே விரும்பி ஏற்பதாகவே வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் 2024 அக்டோபரிலும், பிரிட்டனில் 2025 ஏப்ரலிலும் பொய் மதிப்புரைகளைத் தடுக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் விதி இருப்பதனாலேயே பொய் ஒழிந்துவிடாது. பயணச்சீட்டுப் பரிசோதகர் இருந்தும் சீட்டின்றிப் பயணம் செய்வோர் உளரன்றோ?

நம் தொழிலில் கண்ட ஒன்றை இவ்விடத்துக் கூறுவோம். முன்னாளில் நிலையந்தோறும் புகார்ப் புத்தகம் இருந்தது. எழுதியவர் பெயரும் முகவரியும் பயண விவரமும் அதில் இடம்பெறும். இன்று ‘ரெயில் மதத்’ வழியாக ஓடும் வண்டியைப் பற்றி முறையிடுவோரையும் பி.என்.ஆர். எண் கேட்கின்றனர். எதற்காக? முறையிடுவோர் மெய்யாகவே அவ்வண்டியில் பயணம் செய்தவரா என்பதை அறிதற்கே. விடுதி மதிப்புரையைப் படிக்கும்போதும் இக்கேள்வியையே முதலிற் கேட்டல் வேண்டும்: இவர் அங்கே தங்கியவர்தாமா?

புக்கிங்.காம் போன்ற தளங்களில், அத்தளத்தின் வழியே அறை பதிவு செய்தவரே மதிப்புரை எழுத இயலும். கூகுள் வரைபடத்திலோ கணக்கு வைத்திருப்போர் எவரும் எழுதலாம். எனவே இரண்டையும் ஒப்புநோக்குதல் நன்று. ஓரிடத்தில் புகழும் மற்றோரிடத்தில் குறையும் பெரிதும் மாறுபடுமாயின் ஐயுறுக.

அடுத்து, உண்மையாகத் தங்கியவர் எழுத்தில் விவரம் இருக்கும். ‘வெந்நீர் காலை ஏழு மணிக்குப் பின்தான் வந்தது’, ‘சாலைப்பக்க அறையில் இரைச்சல் மிகுதி; பின்பக்க அறை கேளுங்கள்’ என்பன போன்ற வரிகளைக் கூலிக்காரன் எளிதில் எழுதான். நிறையும் குறையும் சேர்ந்த மூன்று, நான்கு நட்சத்திரக் குறிப்புகளே பெரும்பாலும் நமக்குப் பயன்படுவன. வள்ளுவர் பெருமான் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார். அவர் ஆளைத் தேர்தற்குச் சொன்னது அறையைத் தேர்தற்கும் பொருந்தும்.

மூன்றாவதாக, நாளைப் பார்த்தல் வேண்டும். புதியன முதலில் வருமாறு வரிசைப்படுத்தும் வசதி உண்டு. மூன்றாண்டுகட்கு முன் தூய்மையாயிருந்த விடுதி இன்று கைமாறியிருக்கலாம். ஒரே வாரத்தில் திரண்டு வந்த புகழுரைகளைத் தள்ளி வைக்க. எழுதியவர் பெயரைத் தொட்டால் அவர் வேறெவற்றுக்கு எழுதினார் என்பதும் பெரும்பாலும் தெரியும். ஒரே நாளில் தில்லி, கோவா, மதுரை என மூன்று ஊர் விடுதிகளைப் புகழ்ந்தவர் எப்படிப் பயணம் செய்தார் என்று எண்ணிப் பாருங்கள். அத்தகைய வண்டி எதனையும் நமது கால அட்டவணையில் நாம் கண்டதில்லை!

கேரளத்தில் வாழும் நமக்கென ஒரு தனிக் குறிப்பும் உண்டு. நம் பக்கத்திலும் இங்கும் ‘ஓட்டல்’ என்றால் உண்ணுமிடத்தையே குறிக்கும். கீழ்த்தளத்தில் உணவகமும் மேல்தளத்தில் அறைகளும் உள்ள கட்டடங்கள் பல. மீன்குழம்பின் சுவைக்காக இடப்பட்ட ஐந்து நட்சத்திரம் மேல்மாடி அறைக்கும் பெருமை சேர்த்துவிடுகிறது. ஆதலால் மதிப்புரைகளுக்குள்ளேயே ‘அறை’, ‘லிப்ட்’, ‘குளியலறை’ என்னும் சொற்களை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் இட்டுத் தேடுக. ‘ஆர்.சி.சி.’ என்றும் ‘மெடிக்கல் காலேஜ்’ என்றும் தேடினால், நோயாளியோடு தங்கியவர்தம் சொற்கள் கிடைக்கும். அவரே நமக்கு அடுத்த வீட்டார்.

இறுதியாக, பணம் செலுத்துமுன் தொலைபேசியில் பேசுக. எத்தனையாவது மாடி, லிப்ட் ஓடுகிறதா, திருப்பித் தரும் விதி யாது என்பவற்றைக் கேட்டு, விடையை எழுத்தில் அனுப்பச் சொல்க. பத்து நாளைக்கு ஒருங்கே பணம் கட்டாது ஒரு நாளைக்குக் கட்டிப் பார்க்க. குறை நேரின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். இவற்றுள் ஒன்றையேனும் நாம் செய்திருப்பின் அத்தையார்க்கு அத்துன்பம் நேர்ந்திராது.

வேறோர் ஆபத்தையும் நம் இல்லத்துப் பெண்டிர்க்கும் இளைஞர்க்கும் கூறியாக வேண்டும். ‘வீட்டிலிருந்தே விடுதிகளுக்கு ஐந்து நட்சத்திரம் இடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பணம் தருகின்றோம்’ எனக் கைப்பேசியில் செய்தி வரும். முதலில் நூறு, இருநூறு உண்மையாகவே தருவர். கூரைமேல் சோறு போட்டால் ஆயிரம் காகம். பின்னர்ப் பெரிய பணிக்கு முன்பணம் கேட்பர், ஆயிரம் பத்தாயிரமாகும், இலாபம் திரையில் மட்டும் வளரும், எடுக்க முயன்றால் மேலும் கட்டச் சொல்வர். இத்தகைய பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மைய அரசு முடக்கியது. அகப்பட்டோர் நாணித் தாமதியாது உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். பணம் போவது ஒருபுறமிருக்க, நாம் இடும் ஒவ்வொரு பொய் நட்சத்திரமும் யாரோ ஒரு மூதாட்டியை மூன்று மாடி ஏற வைக்கும் என்பதை மறவாதிருப்போம்.

நாமும் ஒரு கடமையை மேற்கொண்டோம். முதல் விடுதியைப் பற்றி, தங்கிய நாளும் மாடியும் குறித்து, கண்டதைக் கண்டவாறு எழுதினோம். படுக்கை தூய்மையாயிருந்ததையும் மறைக்கவில்லை. இரண்டாவது விடுதியைப் பற்றியும் அவ்வாறே எழுதினோம். இருபுறமும் சொன்னாலன்றி நம் சான்றையும் எவர் நம்புவர்?

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சங்க அறையில் ஒரு குறிப்பேடு வைப்போம். மருத்துவமனைகளுக்கு அண்மையில் தங்கிய உறுப்பினர் ஒவ்வொருவரும் விடுதியின் பெயர், தங்கிய நாள், கொடுத்த வாடகை, கண்ட நிறை குறை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடுக. ஊரிலிருந்து நோயாளியுடன் வரும் அடுத்த குடும்பத்திற்கு அக்குறிப்பேடே அடுத்த வீட்டாராக நின்று உதவும். முதற் பக்கத்தை எழுத நாம் அணியமாயிருக்கின்றோம்.

அத்தையார் சிகிச்சை முடித்து ஊர் சேர்ந்து நலமாயிருக்கிறார். வண்டியேறும்போது அவர் சொன்னது: “அடுத்த முறை வரும்போது, மாப்பிள்ளை, நட்சத்திரத்தைப் பின்னால் பாருங்கள், படிக்கட்டை முதலில் கேளுங்கள்.”