இருட்டில் நிற்பவர்களுக்கே தெரியும் வெளிச்சம்

1963 நவம்பர் 21. சூரியன் மறைந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, தும்பா கடற்கரையிலிருந்து ஒரு ராக்கெட் தென்னை மரங்களைத் தாண்டிச் சீறிக்கொண்டு மேலே போனது. சற்று நேரத்தில் வானில் ஆரஞ்சு நிற மேகம் ஒன்று விரிந்தது. கரையோரக் கிராமங்களில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இந்தியாவின் விண்வெளி வரலாறு அந்த மாலையில்தான் தொடங்கியது.

ராக்கெட் அமெரிக்காவுடையது. அது சுமந்துசென்ற சோடியம் பிரான்ஸ் தந்தது. ராக்கெட்டைப் பூட்டித் தயார்செய்த கட்டடம் மட்டும் உள்ளூர்க்காரர்கள் கொடுத்தது. அது ஒரு சர்ச்.

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போகிறது. மேல் வளிமண்டலத்தை ஆராய இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் 1962இல் முடிவு செய்தார்கள். ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 600 ஏக்கர் தேவைப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் வெறும் மணல்மேடு. அந்த மணலில்தான் மீனவர் குடியிருப்பும், மகதலேனா மரியாளின் பெயர் தாங்கிய சர்ச்சும், பிஷப்பின் வீடும் இருந்தன.

அடுத்து நடந்ததை அப்துல் கலாம் தம் நூலில் எழுதியிருக்கிறார். சாராபாய், பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்து இடத்தைக் கேட்டார். பிஷப் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வரச் சொன்னார். அன்று சபையாரிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னார். சர்ச், தாம் வசிக்கும் வீடு, அவர்களுடைய வீடுகள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டார். சபை ‘ஆமென்’ என்றது. மக்கள் இடம் மாறினார்கள். அவர்களுக்குப் புதிய சர்ச் எழுந்தது. பழைய சர்ச் அலுவலகமானது. பிரார்த்தனைக் கூடம்தான் தம்முடைய முதல் ஆய்வுக்கூடம் என்கிறார் கலாம். பிஷப்பின் அறையில் வரைபட வேலை நடந்தது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் விஞ்ஞானத்தின் பெருமைக்காகவே சொல்கிறார்கள். மதமும் அறிவியலும் கைகோத்த கதை என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் கொடுத்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கதையின் எடை கூடுகிறது. மீனவருக்கு சர்ச் என்பது ஞாயிற்றுக்கிழமைக் கட்டடம் அல்ல. பெயர் வைத்ததும், தாலி கட்டியதும், கடலில் போனவருக்காக அழுததும் அங்கேதான். கடலிலிருந்து திரும்பும்போது கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டுவதும் பல ஊர்களில் சர்ச் கோபுரம்தான். அதைக் கொடுப்பது வீட்டு விளக்கை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைப்பது போன்றது.

இந்தக் கரைக்குக் கிறிஸ்தவம் பெரிய அளவில் வந்தது 1544இல். அந்த ஆண்டின் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் நடந்தே சென்று, ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, முத்துக்குளித்துறையில் இருந்தபோது, ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார். முக்குவர்களுக்கு அப்போது சாதி அடுக்கில் மேலே இடம் கிடையாது. பிழைப்போ கடலின் தயவில் நடந்தது. அவர்களுக்கு இருள் என்பது பிரசங்கத்தில் வரும் உவமை அல்ல. இரவு இரண்டு மணிக்குத் தோணியைத் தள்ளும்போது எதிரே நிற்கும் ஒன்று.

கிறிஸ்தவக் கூட்டங்களில் ‘சாட்சி’ சொல்லும் வழக்கம் உண்டு. இருளில் இருந்தேன், வெளிச்சத்துக்கு வந்தேன் என்று ஒருவர் எழுந்து சொல்வார். குடி நின்றது, கடன் அடைந்தது, நோய் தீர்ந்தது என்பது வரிசை. கேட்பவர்கள் நெகிழ்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரிசையில் வெளிச்சம் ஒரு பரிசு போல ஆகிவிடுகிறது. இருளைக் கடந்து வந்தவருக்குக் கையில் கொடுக்கப்படும் கோப்பை. கடன் அடையாதவர், நோய் தீராதவர், கடலுக்குப் போன மகன் திரும்பாதவர் என்ன சாட்சி சொல்வார்?

தும்பா சர்ச்சின் புனிதை இங்கே கொஞ்சம் வழி காட்டுகிறாள். யோவான் நற்செய்தியின்படி மகதலேனா மரியாள் இயேசுவின் கல்லறைக்குப் போனது விடிந்த பிறகு அல்ல, இருட்டு இருக்கும்போதே. உயிர்த்தவரை முதலில் கண்டவளும் அவளே. தோட்டக்காரர் என்று நினைத்து அவரிடமே விசாரித்தவள். அவள் பெயர் மட்டும் வெகுகாலம் இருட்டிலேயே கிடந்தது. 591இல் போப் முதலாம் கிரகோரி தம் பிரசங்கம் ஒன்றில் அவளையும், நற்செய்தியில் பெயர் சொல்லப்படாத ஒரு பாவியான பெண்ணையும் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டார். அந்தப் பழி நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது. 2016இல்தான் வாடிகன் ஜூலை 22ஆம் தேதி வரும் அவளுடைய நினைவு நாளை, அப்போஸ்தலர்களின் நாட்களுக்கு நிகரான திருவிழாவாக உயர்த்தியது. வெளிச்சத்தை முதலில் கண்டவளுக்கு அது தாமதமாகவே வந்து சேர்ந்தது.

1963ஆம் ஆண்டின் அந்த ஆரஞ்சு மேகமும் இதே பாடத்தை வேறு மொழியில் சொன்னது. சோடியம் ஆவி தானாக எரிவதில்லை. சூரிய ஒளியை வாங்கித் திருப்பித் தருகிறது. பகலில் அதை விட்டால் வானத்தின் பிரகாசத்தில் கண்ணுக்குத் தெரியாது. நள்ளிரவில் விட்டால் வாங்கிக்கொள்ள மேலேயும் ஒளி இருக்காது. தரையில் இருட்டிவிட்ட பிறகும் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருக்கும் அந்திப் பொழுதில்தான் அது தெரியும். மேகம் நகர்வதைப் படம்பிடித்து, மேலே காற்று எப்படி வீசுகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பார்ப்பவர் இருட்டில் நிற்க வேண்டும். மேகத்துக்கு அந்த ஒளி சொந்தமும் இல்லை. கிறிஸ்தவ வாழ்க்கையில் வெளிச்சம் என்று சொல்லப்படுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறது.

இதற்குச் சோதனை 2017இல் வந்தது. நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் இந்தக் கடலைக் கலக்கியது. எச்சரிக்கை வந்தபோது பலர் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தார்கள். விழிஞ்ஞம், பூந்துறை, எல்லைக்கு இந்தப் பக்கம் குமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை என்று ஊர் ஊராக ஆண்கள் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பூந்துறையில் குடும்பங்கள் சர்ச்சிலும் கடற்கரையிலும் காத்துக் கிடந்தன. அந்த ஆண்டு திருவருகைக் காலம் டிசம்பர் 3இல் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் காலம் அது. அந்தக் கரையில் அந்த ஆண்டு யார் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது மாதம் முடியும் முன்பே கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. 2018 ஆகஸ்ட் நடுவில் செங்கன்னூர், ஆறன்முளை பக்கங்களில் மக்கள் மொட்டை மாடிகளில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒக்கி வெறுமையாக்கிய அதே ஊர்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். கடல் படகுகள் தெருக்களில் ஓடின. மின்கம்பங்களிலும் மதில்களிலும் மோதிப் பல படகுகள் உடைந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். தூக்கிவிட்ட கையின் சாதி என்ன, மதம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. இவர்கள் கேரளத்தின் சொந்த ராணுவம் என்று முதல்வர் பினராயி விஜயன் பாராட்டினார். ஆகஸ்ட் 29ஆம் தேதி தலைநகரில் அரசு பாராட்டு விழா நடத்தியது.

ஒக்கியின்போது தங்களைத் தேட ஆள் வரத் தாமதமானது என்று குமுறியவர்கள், இன்னொருவரைத் தேடத் தாமதிக்கவில்லை. அவர்களுடைய துக்கம் தீர்ந்துவிடவில்லை. துக்கத்தோடுதான் போனார்கள். கூட்டங்களில் சொல்லப்படாத சாட்சி இது.

கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் கரையில் கதை முடியவில்லை. நான்கே ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்ட் மாதத்தில், அதே மக்கள் விழிஞ்ஞம் துறைமுக வாசலில் உட்கார்ந்தார்கள். திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் 2022 ஆகஸ்ட் 16இல் அங்கே முற்றுகை தொடங்கியது. துறைமுகக் கட்டுமானத்தால் கடல் அரிப்பு அதிகமாகிறது, வீடுகள் போகின்றன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அரிப்புக்குத் துறைமுகம் காரணம் அல்ல என்று அரசும் துறைமுகத் தரப்பும் மறுத்தன. காரணம் எதுவானாலும் கடல் வீடுகளைத் தின்றது உண்மை. வலியதுறையில் வீடிழந்த குடும்பங்கள் சிமென்ட் கோடவுனில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன. கோடவுனில் வீட்டுக்கு வீடு சுவர் கிடையாது. கிழிந்த துணியும் தட்டியும்தான் மறைப்பு.

நவம்பர் 27 இரவு போராட்டம் எல்லை மீறியது. விழிஞ்ஞம் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. போலீஸ்காரர்கள் பலர் காயமடைந்தார்கள். டிசம்பர் 6ஆம் தேதி போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

தும்பாவில் கொடுத்தவர்கள் விழிஞ்ஞத்தில் மறித்தார்களே, இதில் எது கிறிஸ்தவம் என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி தவறான இடத்தில் நிற்கிறது. தும்பாவில் கேட்டார்கள்; கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையின் நடுவே வைத்துக் கேட்டதால்தான் ‘ஆமென்’ என்ற சொல்லுக்கு மதிப்பு. கேட்காமல் எடுத்துக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயர் வைக்க முடியாது. இருளைப் பொறுத்துக்கொள்வதும், இருளை இருள் என்று சொல்வதும் இரண்டுமே விசுவாசத்தின் வேலைதான். போலீஸ் நிலையத்தின் மேல் விழுந்த கற்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வெளியே இருக்கும் இருளோடு போராடுகிறவருக்கு உள்ளேயும் அது புகுந்துவிடும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

ஈஸ்டருக்கு முந்திய இரவில் கத்தோலிக்க சர்ச்சுகளில் ஒரு சடங்கு நடக்கிறது. முதலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுகிறார்கள். வெளியே புதுத்தீ மூட்டி, அதிலிருந்து ஒரே ஒரு பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றி, இருட்டுக்குள் எடுத்து வருகிறார்கள். பிறகு ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சுடர் போகிறது. சில நிமிடங்களில் சர்ச் முழுவதும் முகங்கள் தெரியத் தொடங்கும். மின்சாரம் வந்த பிறகும் இந்தச் சடங்கை யாரும் மாற்றவில்லை. சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வந்துவிடும். ஆனால் அடுத்தவரிடம் மெழுகுவர்த்தியை நீட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

தும்பாவின் பழைய சர்ச் இப்போது விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் அருங்காட்சியகம். பள்ளிக் குழந்தைகள் வரிசையாக வந்து ராக்கெட்டுகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நிலவுக்கும் செவ்வாய்க்கும் போன நாடு அங்கேயிருந்துதான் புறப்பட்டது. அங்கிருந்து தெற்கே, அரபிக்கடல் அரித்துக்கொண்டிருக்கும் கரையில், சர்ச்சைக் கொடுத்தவர்களின் உறவுக்காரர்கள் வீடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுடர் ஒரு கையிலிருந்து நீட்டப்பட்டாகிவிட்டது. வாங்கிக்கொண்டவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டிய முறை இது.