திறவுகோலும் அமானிதமே

பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த திருப்பூரின் ஒரு கூறு வேலம்பாளையம். '15 வேலம்பாளையம்' என்னும் பெயரில் தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர், 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. இப்பகுதி நிறுவனங்களின் நூல் இருப்பும், ஏற்றுமதி ஆவணங்களும், தொழிலாளர் கூலிக் கணக்கும் இன்று கணிப்பொறிகளில் அடங்கியுள்ளன. அக்கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைப்பவை ஸ்விட்ச், ரூட்டர் என்னும் கருவிகள். கணிப்பொறியைக் காப்பதில் காட்டும் கவனத்தை இக்கருவிகளிடம் நாம் காட்டுவதில்லை என்பதே என் கருத்து.

இவற்றுக்குத் தமக்கெனத் திரையோ விசைப்பலகையோ இல்லை. கன்சோல் என்னும் துளையில் கம்பியைச் செருகி, மறுமுனையைக் கணிப்பொறியோடு இணைத்தால், கருந்திரையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அவற்றைத் தந்து உள்ளே நுழைந்தவர், எழுத்துக் கட்டளைகளால் கருவி முழுவதையும் ஆளலாம். பெரிய கருவிகளில் மாட்யூல் எனப்படும் உட்பலகைகள் பல உண்டு. அவற்றுட் சில தனி நுழைவும் தனிக் கடவுச்சொல்லும் உடையவை. கருவியின் சொல்லை மாற்றிவிட்டு, உட்பலகையை உற்பத்தியாளர் வைத்தனுப்பிய சொல்லிலேயே விட்டுவைப்பது, தலைவாயிலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

இது வீண் அச்சமன்று. 2016இல் பரவிய 'மிராய்' என்னும் தீநிரல், உற்பத்தியாளர் வைத்த ஏறத்தாழ 60 பெயர்-சொல் இணைகளை மாற்றி மாற்றி முயன்றே இலட்சக்கணக்கான கருவிகளுள் புகுந்தது. 2017 ஜூலையில் நம் நாட்டின் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் பல இவ்வாறே தாக்குண்டன. பழைய கடவுச்சொல்லை மாற்றுமாறு அந்நிறுவனம் வேண்டிக்கொண்டது. எல்லாக் கருவிகளுக்கும் எளிதில் ஊகிக்கத்தக்க ஒரே சொல்லை வைத்து விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரலில் சட்டத்தால் தடுத்தது.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. நிறுவனத்தின் கடவுச்சொல்லை ஊழியர் ஒருவர் மட்டுமே அறிந்திருப்பது. அவர் மனத்தாங்கலோடு விலகிச் சென்றால் கருவி யாருக்கும் பணியாது. அதனை அழித்துத் தொடக்கத்திலிருந்து அமைக்க நேரலாம். அதற்குள் சரக்கு அனுப்பும் நாள் தவறும். கூலிக்குக் காத்திருக்கும் தையல் தொழிலாளியின் அடுப்பு அணையும்.

'அல் அமீன்' என்று மக்கத்து மக்களால் போற்றப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கி.பி. 622இல் அந்நகரை விட்டுப் புறப்பட்டபோது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்க்குமாறு அலீ (ரலி) அவர்களைப் பணித்துச் சென்றார்கள் என்பது வரலாறு. தம்மைத் துரத்திய ஊரின் பொருளையும் அமானிதமாகவே கருதினார்கள். முதலாளியிடம் கொண்ட மனக்குறை, திறவுகோலை மறைப்பதற்குக் காரணமாகுமா?

எனவே, உரிமையாளர்கள் கடவுச்சொற்களை எழுதி உறையிலிட்டுப் பெட்டகத்தில் வைக்கட்டும். பொறுப்பாளர் மாறும்போது சொல்லையும் மாற்றட்டும். கன்சோல் துளையை அணுகுபவர் பல கருவிகளின் கடவுச்சொல்லையே புதுப்பித்துவிட இயலுமாதலால், கருவி அலமாரியும் பூட்டப்படட்டும். தொலைவிலிருந்து நுழைவோர், கடவுச்சொல்லை மறைக்காது அனுப்பும் டெல்நெட்டை விடுத்து, 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். முறையைக் கைக்கொள்ளட்டும்.

மாணவச் செல்வங்களே! நாளை இக்கருந்திரையின் முன் அமரப்போகிறவர்கள் நீங்கள். கட்டளைகளைக் கற்பதோடு நில்லாது, விலகும் நாளில் திறவுகோலை உரியவரிடம் ஒப்படைக்கும் பண்பையும் கற்றுக்கொள்ளுங்கள். முன்னது உங்களுக்கு வேலை தேடித் தரும். பின்னது நற்பெயர் தேடித் தரும்.