விடுங்க சார், சர்வீஸுன்னா கீறல் விழத்தான் செய்யும்

சர்வீஸுக்கு விட்ட கார் புதுக் கீறலோடு திரும்பி வந்தால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? ஒரு நிமிடம் முகம் சுளிக்கிறோம். ‘பத்துப் பேர் கை படுற இடம், விழத்தான் செய்யும்’ என்கிறோம். ‘ஓனர்ஸ் ரிஸ்க்னு போட்ட பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சே’ என்கிறோம். கடைசியாக, ‘கேட்டா பாவம், அந்தப் பையன் சம்பளத்துலதான் பிடிப்பாங்க’ என்று முடித்துவிட்டுப் பில்லைக் கட்டிக் கிளம்புகிறோம். வீட்டில் சொன்னால் பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள்: ‘விடுப்பா, வண்டின்னா அப்படித்தான்.’ கேட்பதற்கு நியாயமாக, கொஞ்சம் பெருந்தன்மையாகக்கூடத் தோன்றும் இந்தப் பேச்சு மேலிருந்து கீழ்வரை தவறு. அதிலும் அந்தக் கடைசி இரக்கம்தான் அந்தப் பையனுக்கு அதிகக் கெடுதல் செய்கிறது.

விழத்தான் செய்யும் என்கிறார்களே, எப்படி விழுகிறது என்று பார்ப்போம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டு உட்காராமல், அந்தப் பக்கம் அரை நாள் நின்று பாருங்கள். நிறுத்த இடமில்லாத முற்றத்தில் கார்கள் ஒன்றை ஒன்று உரசாத குறையாக நிற்கும். சாவிகள் எல்லாம் ஒரே பலகையில் தொங்கும். உள்ளே இருக்கிற ஒரு வண்டியை வெளியே எடுக்க முன்னால் நிற்கும் நான்கை நகர்த்த வேண்டும். யார் கை சும்மா இருக்கிறதோ அவர் நகர்த்துவார். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று அந்த அவசரத்தில் யாரும் கேட்பதில்லை. வாட்டர் வாஷ் பகுதியில் தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு அதையே எடுத்து பானெட்டைத் துடைப்பார்கள். துணியில் ஒட்டிய மணல் அத்தனையும் பெயின்ட்டில் வட்ட வட்டமாகக் கோடு போடும். கம்பெனியில் அடித்த பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

கண்ணில் படுகிற கீறலைவிட மோசமானது கண்ணில் படாத சேதம். லிஃப்டில் ஏற்றும்போது அதன் கைகள் வண்டிக்கடியில் எந்த இடத்தில் படவேண்டும் என்று கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறது. முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், அதற்கென்றே வலுவூட்டிய இடம் அது. நான்கு விரற்கடை தள்ளி வைத்துத் தூக்கினால் கதவுக்கடியில் ஓடும் தகட்டு விளிம்பு மடங்கும், பெயின்ட் வெடிக்கும். அடுத்த மழைக்காலத்தில் அங்கே துரு பிடிக்கும். தரையில் படுத்துப் பார்த்தால் ஒழிய வண்டிக்காரருக்குத் தெரியாது. ஆயில் மாற்றும்போதும் இதே கதைதான். பல வண்டிகளில் ஆயில் சம்ப் அலுமினியம். அதன் போல்ட்டை இவ்வளவு விசைதான் கொடுத்து முடுக்க வேண்டும் என்று அளவு உண்டு. அளந்து முடுக்க டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவியும் உண்டு. அதை எடுக்கச் சோம்பி ஏர் கன்னால் இறுக்கினால் மரை போய்விடும். சில வாரம் கழித்து வீட்டு வாசலில் எண்ணெய்ச் சொட்டு விழும். அதே சர்வீஸ் சென்டர், ‘வண்டி பழசாயிடுச்சு சார், சம்ப்பை மாத்தணும்’ என்று அதற்கும் ஒரு பில் போடும்.

இவற்றில் எது தானாக நடப்பது? ஒவ்வொன்றுக்கும் செய்முறை இருக்கிறது, கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. அந்தப் பயிற்சியைக் காட்டித்தானே வெளி மெக்கானிக்கைவிடக் கூடுதலாக லேபர் சார்ஜ் வாங்குகிறார்கள்? மெருகு போடக் கொடுத்த நகை ஒரு கல் உதிர்ந்து திரும்பி வந்தால், பட்டறை என்றால் அப்படித்தான் என்று சொல்லிக் கூலியையும் கொடுத்துவிட்டு எழுந்து வருவோமா?

அடுத்து அந்தக் கையெழுத்து. ஒரு வேலைக்காக ஒருவர் தன் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைத்தால் வாங்கியவருக்கு என்ன கடமை என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லியிருக்கிறது. சராசரி விவேகமுள்ள ஒருவர் அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் எடுக்க வேண்டும் என்கிறது 151ஆவது பிரிவு. 154ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்புக்கொண்ட வேலையைத் தவிர வேறு எதற்காவது பொருளைப் பயன்படுத்தி, அப்போது சேதமானால், அதற்கு ஈடு கொடுத்தே ஆகவேண்டும். டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில் உங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பிரியாணி வாங்கி வந்தவர், ‘நான் கவனமாத்தான் ஓட்டினேன்’ என்று தப்பிக்க முடியாது.

அந்தச் சட்டத்தையே ஓனர்ஸ் ரிஸ்க் என்ற வரி அடித்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 1998இல் டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில் ஒருவர் தன் மாருதி ஜென் காரை வாலே பார்க்கிங்கில் ஒப்படைத்தார். திரும்பி வந்து பார்த்தால் கார் திருடுபோயிருந்தது. அவருக்குக் கொடுத்த டோக்கனில், நிறுத்துவது உரிமையாளர் பொறுப்பில் என்று அச்சடித்திருந்தது. ஹோட்டல் அந்த வரியைக் காட்டித்தான் வாதாடியது. 2019 நவம்பரில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தன்னுடைய, தன் ஊழியருடைய கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வரியை அச்சடித்துக் கழற்றிவிட முடியாது என்றது. ஒப்படைத்த நிலையில் வண்டி திரும்பவில்லை என்றால், நாங்கள் உரிய கவனத்தோடுதான் பார்த்துக்கொண்டோம் என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் என்றது. வழக்கு ஹோட்டலைப் பற்றியது என்றாலும் தீர்ப்பு நிற்பது அதே 1872 சட்டத்தின் மேல்தான். உங்கள் ஷோரூமுக்கும் அதே சட்டம்தான்.

நாம் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை, அதாவது ஜாப் கார்டை, ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் அதில் ஒரு காரின் கோட்டுப்படம் இருக்கும். வண்டியை வாங்கும்போது சர்வீஸ் அட்வைசர் சுற்றி வந்து, ஏற்கெனவே உள்ள கீறல், நெளிசல்களை அந்தப் படத்தில் குறித்துக்கொள்வார். கிலோமீட்டரையும் பெட்ரோல் அளவையும் எழுதுவார். அதன் கீழேதான் நாம் கையெழுத்துப் போடுகிறோம். அப்படியென்றால் அந்தப் படத்தில் குறிக்காத ஒவ்வொரு கீறலும் அவர்கள் கையில் இருந்தபோது விழுந்தது என்பதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த சான்று அது. நம் கையைக் கட்டிப்போடும் என்று நாம் பயப்படுகிற தாள் உண்மையில் அவர்கள் கையைக் கட்டுகிறது. வண்டியை விடும்போது அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும், நான்கு சக்கரமும், மீட்டரும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு கேட்டில் நாமே உரசிய பழைய கீறலுக்கு அவர்களோடு மல்லுக்கு நிற்பது அநியாயம். அது நேராமலும் இந்தப் படங்கள் காக்கும்.

டெலிவரி நேரத்தில்தான் எல்லாம் கோட்டைவிடப்படுகிறது. காலையில் விட்ட வண்டியை மாலை ஆறரைக்குத் தருவார்கள். வாஷ் முடிந்த ஈரம் காய்ந்திருக்காது. ஈரத்தில் மெல்லிய கீறல் தெரியாது. டியூப் லைட் வெளிச்சத்தில் அறவே தெரியாது. பின்னால் இன்னொரு கார் ஹாரன் அடிக்கும். கேட் பாஸோடு ஒரு தாளை நீட்டி, ‘சாட்டிஸ்ஃபைடுன்னு ஒரு சைன் போடுங்க சார், நாளைக்குக் கம்பெனியிலேருந்து கால் வரும், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க’ என்பார் அட்வைசர். அந்தத் தாளில்தான் நிதானம் வேண்டும். ஒரு துணி கேட்டு வாங்கிக் கதவுகளையும் பம்பர் முனைகளையும் துடையுங்கள். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குறை இருந்தால் கையெழுத்துக்கு மேலே, ‘இடது பின்கதவில் புதிய கீறல், ஜாப் கார்டில் இல்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்போது கட்டாயம் ஒரு யோசனை வரும். ‘டென்ஷன் ஆகாதீங்க சார், உங்க இன்சூரன்ஸ்லேயே போட்டுக் கொடுத்திடறோம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல.’ உதவி போலப் பேசப்படும் இந்த வார்த்தைகளைவிட ஆபத்தானது இந்த விவகாரத்தில் வேறில்லை. க்ளைம் போடாமல் ஓட்டியவருக்கு முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி சேர்ந்திருக்கும். அடுத்தவர் இடித்த கதவுக்காக அது கரையும். அதைவிட, க்ளைம் படிவத்தில் வண்டியை யார் ஓட்டினார், எங்கே, எப்படி இடித்தது என்று எழுத வேண்டும். நீங்களே ஓட்டிச் சுவரில் உரசியதாகத்தான் எழுதச் சொல்வார்கள். பொய்க்குக் கையெழுத்து உங்களுடையது, லாபம் அவர்களுடையது. ஒர்க்‌ஷாப்புக்குள் வாடிக்கையாளர் வண்டிக்கு நேரும் சேதத்துக்கென்று மோட்டார் டிரேட் பாலிசி என்று தனியே காப்பீடு இருக்கிறது. அவர்கள் அதை எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் செலவு அவர்களுடையது.

இனி அந்தப் பையன். சம்பளத்தில் பிடிப்பது நடக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். எப்போது நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாம் கவுன்டரில் நின்று கத்துகிறோம். மேனேஜர் அந்தப் பையனைக் கூப்பிட்டு நம் முன்னாலேயே திட்டுகிறார். நாம் மனம் இளகி, ‘சரி, விடுங்க’ என்று போய்விடுகிறோம். எழுத்தில் எதுவும் இல்லை. அதனால் மாதக் கடைசியில் சத்தமில்லாமல் அவன் கணக்கில் பிடிக்க முடிகிறது. அவனிடம் விளக்கம் கேட்காமல் சேதத்துக்காகச் சம்பளத்தைப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் புகாரே பதிவாகாத இடத்தில் எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்? குறுகிய முற்றத்தில் அளவுக்கு மீறி வண்டி வாங்குவது முதலாளியின் முடிவு. ஒரு நாளில் இத்தனை ஜாப் கார்டு முடிய வேண்டும் என்று விரட்டுவதும், பயிற்சியில்லாதவனிடம் சாவியைக் கொடுப்பதும் அவர் முடிவு. நாம் விட்டுக்கொடுக்கிற ஒவ்வொரு கீறலும் அந்த முடிவுகளின் செலவை அவருக்கு மிச்சப்படுத்துகிறது. நம் இரக்கத்தின் பலன் அந்தப் பையனைப் போய்ச் சேர்வதே இல்லை.

கோர்ட்டு, கேஸு என்று யார் அலைவது என்பார்கள். தாஜ் விவகாரம் முடிய இருபது ஆண்டுக்கு மேல் ஆனது உண்மைதான். அவர்கள் அலைந்து வாங்கிய தீர்ப்பு இன்று ஒரு மின்னஞ்சலில் நமக்குப் பயன்படுகிறது. முதலில் எழுத வேண்டியது டீலரின் நிர்வாகத்துக்கு; நகல் கார் கம்பெனிக்கு. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வழக்கமான சர்வீஸ் பில் எதுவும் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. பணம் கட்டாமல் வண்டியைத் தரமாட்டோம் என்றால் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று பில்லில் எழுதிவிட்டுக் கட்டி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், உரிமை போய்விடாது.

தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தன் வண்டியின் பின்கதவு உரசி வந்தபோது கவுன்டரில் குரலை உயர்த்தவே இல்லை. ஜாப் கார்டு நகலையும் காலையில் எடுத்த படத்தையும் மாலையில் எடுத்த படத்தையும் இணைத்து, கதவைச் சரிசெய்து தரவேண்டும், அது முடியும்வரை மாற்று வண்டி வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினார். கடைசிப் பத்தியில் இதையும் சேர்த்தார்: ‘இந்தப் புகார் நிறுவனத்தின் மீது. எந்த ஊழியரின் சம்பளத்திலும் இதற்காகப் பிடித்தம் செய்யக் கூடாது. செய்யவில்லை என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தவும்.’